இடது கால் முன்னால்

அன்று அரங்கில் யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தோம் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். நடந்ததற்கு எத்தனை பேர் சாட்சி என்பது அதிலிருந்தே தெரியும்.

2016 மே 14, சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி. மேடையில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் யானிக் புருலே: மாண்ட்ரியல் சக்கரப்பலகை (ஸ்கேட்போர்டு) சங்கத்தின் செயலாளர், முப்பத்தாறு வயது, தாடி, கெண்டைக்காலில் பச்சை குத்தியவன். மற்றதில் கீத் ஆம்ஸ்பி: ஓய்வுபெற்ற பல் மருத்துவர், அறுபத்தாறு வயது, அன்றைய விழா நாயகர். முதல் வரிசையில், நடைபாதை ஓரத்து இருக்கையில், நோயெல்லா திபோ ஆகிய நான். வயது எழுபத்திரண்டு. அன்று திரையிட்ட படத்தில் வேலை செய்தவர்களில் உயிரோடு மிஞ்சியிருப்பது நான் மட்டும். எனக்குப் பின்னால் இருநூறு இளைஞர்கள், சக்கரப்பலகைகளை மடியிலும் முழங்கால்களுக்கு இடையிலும் வைத்துக்கொண்டு. கடைசி வரிசையில் கதவை ஒட்டி, நீலக் கோட்டு அணிந்த ஒரு பெண்மணி. அவருக்கு இடப்பக்கம் அவருடைய மகள். அம்மாவின் பெயர் ரொலாந்த் பெப்பேன், மகளின் பெயர் மிரேய் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

படத்தின் பெயர் 'கோடைச் சரிவு'. பதினெட்டு நிமிடம், கறுப்பு வெள்ளை. 1966 கோடையில் எங்கள் நகரத்து மலைத் தெருக்களில் பிள்ளைகள் பலகையில் சக்கரம் மாட்டிச் சறுக்கிய கதை. அப்போது அதை யாரும் மதிக்கவில்லை. பள்ளிக்கூட மண்டபங்களில் பெரிய படம் தொடங்குமுன் நேரம் போக்கப் போட்டார்கள். இருபது வருடம் கழித்து யாரோ அதை வீடியோ கேசட்டில் நகலெடுத்தார்கள். நகலிலிருந்து நகல் என்று அது கைமாறிக் கைமாறி எங்கெங்கோ போனது. இன்றைக்கு இந்தப் பிள்ளைகள் எடுக்கிற படங்களில் கேமரா தரையோடு தரையாகப் பின்தொடர்ந்து போகிறதே, அது எங்கள் படத்திலிருந்து வந்தது என்கிறார்கள். கடைசி ஷாட்டைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். வெள்ளை ஸ்வெட்டர், ஒட்ட வெட்டிய தலை, முதுகைக் காட்டிக்கொண்டு ஓர் உருவம் கைகளை விரித்து மலையிலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கும். முகம் தெரியாது. ஐம்பத்து மூன்று வினாடி. அந்த ஷாட்டில் மட்டும் ஒரு மெல்லிய கலங்கல் இருக்கும், கனவு மாதிரி. அந்தக் கலங்கலுக்காகவே லென்ஸில் வாஸ்லின் தடவிப் படமெடுத்த ஒரு பையன் எனக்குக் கடிதம் போட்டிருக்கிறான்.

அந்த உருவம் கீத் ஆம்ஸ்பி. அப்படித்தான் புத்தகங்களில் எழுதியிருந்தது. படத்தின் ஐம்பதாவது ஆண்டுக்காக நகரில் ஒரு புதிய சறுக்குத் திடல் கட்டி, அதன் நீண்ட சரிவுக்கு அவர் பெயரையே வைப்பதாக இருந்தார்கள்.

படம் முடிந்தது, கேள்வி நேரம். கடைசி வரிசை நீலக் கோட்டு எழுந்து நின்றது.

"அந்தக் கடைசில இறங்கறது நான்தான்."

யாரோ சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. யானிக் கையை நெற்றிக்கு மேலே வைத்துப் பார்த்தான். "ஒரு நிமிஷம் மதாம், மைக் வரட்டும்."

"மைக் எதுக்கு? இருபத்தேழு வருஷம் டவுன் பஸ் ஓட்டினவ நான். என் குரல் கடைசி சீட்டு வரைக்கும் கேக்கும். வெள்ளை ஸ்வெட்டரப் போட்டுக்கிட்டு இறங்கறது நான். அது எங்கண்ணனோட ஸ்வெட்டர்."

அரங்கம் கைதட்டியது. கீத் ஆம்ஸ்பி மரியாதையாக முன்னால் சாய்ந்தார். "எங்க கூட்டத்துல பொண்ணுங்களும் இருந்தாங்க, உண்மைதான். கீழ்த்தெருவுலேர்ந்து ஒண்ணு ரெண்டு பேர் வருவாங்க..."

"உங்கள நல்லா ஞாபகம் இருக்கு. ஆம்ஸ்பி வீட்டுப் பையன். ஓட்டினதவிட விழுந்ததுதான் ஜாஸ்தி."

இப்போது அரங்கமே சிரித்தது, கீத்தும் சேர்ந்து. யானிக்கும் சிரித்துவிட்டு, நல்ல பிள்ளையாகத்தான் கேட்டான்: "மதாம், ஒரே ஒரு கேள்வி. எந்தக் கால முன்னால வெச்சு ஓட்டுவீங்க?"

"இடது கால்."

"நிச்சயமா?"

"எந்தக் கையில சாப்பிடறேன்னு கேட்டா யோசிப்பேனா? இடது கால்."

இருநூறு பேரிடமிருந்தும் ஒரே நேரத்தில் ஒரு பெருமூச்சு. அவர்களுக்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. கையெழுத்தை மாற்றினாலும் மாற்றலாம், பலகையில் நிற்கிற காலை மாற்ற முடியாது. யானிக் அந்த ஷாட்டை மறுபடி போட்டு நிறுத்தச் சொன்னான். திரையில் வெள்ளை ஸ்வெட்டர் உறைந்து நின்றது. முன்னால் இருந்தது வலது கால்.

"பாருங்க மதாம். வலது."

அவர் வெகுநேரம் பார்த்தார். "நான் எப்பவும் இடதுதான்," என்றார். குரல் இந்த முறை கடைசி வரிசையிலிருந்து முதல் வரிசைக்கு எட்டச் சிரமப்பட்டது.

"விடுப்பா யானிக், அம்பது வருஷம் ஆச்சு. யாருக்குத்தான் ஞாபகம் இருக்கும்?" என்று ஒரு பையன் அவருக்குப் பரிந்து பேசினான்.

மகள் கோட்டின் கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, உக்காரும்மா. போதும்."

எல்லோரும் கைதட்டினார்கள். பாட்டை மறந்துவிட்டு மேடையில் நிற்கிற குழந்தைக்குத் தட்டுவது போல.

அவர் "இடது கால்" என்று சொன்ன அந்தக் கணத்தில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. இதை நான் சுற்றி வளைக்காமல் எழுத வேண்டும். சந்தேகம் இல்லை, ஊகம் இல்லை. தெரிந்துவிட்டது. நான் எழுந்திருக்கவில்லை.

தெரிந்தது என்ன என்பதைச் சொல்கிறேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. நதிக்கரைச் சிற்றூர் ஒன்றில் கன்னியாஸ்திரிகளின் பள்ளியில் படித்துவிட்டு நகரத்துக்கு வந்து, எடிட்டிங் அறையில் உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். ஃபிலிம் துண்டுகளுக்கு எண் போடுவது, கொக்கிகளில் வரிசையாகத் தொங்கவிடுவது, ஒட்டுவது. இயக்குநர் அர்மான் ரிவார். பக்கத்தில் காரை ஓட்டவைத்து, அதிலிருந்து கேமராவை நீட்டித்தான் எல்லா ஓட்டத்தையும் எடுத்திருந்தார். எல்லாப் பிள்ளைகளும் திரையில் இடமிருந்து வலமாகப் போனார்கள். ஒன்றன் பின் ஒன்றாக ஒட்டினால் ஒரே ஆறு மாதிரி ஓடும். கடைசி நாள் மட்டும் சரிவின் நடுவில் போலீஸ் வண்டி நின்றது, பலகைகளைப் பிடுங்க. அதனால் கார் தெருவின் மறுபக்கமாகப் போக வேண்டியதாயிற்று. அந்தக் கடைசி ஓட்டம் வலமிருந்து இடமாக வந்துவிட்டது. ஆறு திடீரென்று மேட்டைப் பார்த்து ஓடுவது போல் இருந்தது.

அர்மான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "இருக்கறதுலயே நல்ல ஷாட்டு இது. தூக்கிப் போடவா சொல்றே?"

"தூக்க வேணாம் மிஸ்யூ ரிவார். நெகட்டிவைத் திருப்பி ஒட்டிடலாம். அப்ப இதுவும் வலப்பக்கமாப் போகும்."

"தெரியாதா?"

"தெருவுல ஒரு எழுத்துகூட இல்ல, கடை இல்ல, வண்டி நம்பர் இல்ல. முகமும் தெரியல. யாருக்குத் தெரியும்?"

அவர் எழுந்து என் உச்சந்தலையில் முத்தம் கொடுத்தார். "நாட்டுப்புறத்துக் குட்டி, உன் மண்டைல மூளைய அளந்து வெக்கல, கொட்டி வெச்சிருக்கான்!"

எனக்கு அன்று முழுதும் சாப்பாடு வேண்டியிருக்கவில்லை. திருப்பி ஒட்டினேன். நெகட்டிவைத் திருப்பினால் ஃபிலிமின் ரசாயனப் பூச்சுப் பக்கம் மாறி, பிரிண்டில் படம் ஒரு நூலளவு கலங்கும். அதுதான் அந்தக் கனவு. வேறொன்றும் இல்லை.

கண்ணாடியில் பார்ப்பது போல் திருப்பினால் இடது கால் வலது காலாகும் என்பது ஐந்து வயதுக் குழந்தைக்கும் தெரியும். நான் அதை யோசிக்கவே இல்லை. பலகையில் எந்தக் கால் முன்னால் இருந்தால் எங்களுக்கு என்ன? எங்கள் அறையில் திசைதான் முக்கியம்.

இதோடு நின்றிருந்தால் இது ஒரு வேடிக்கை. 1987இல் சக்கரப்பலகைப் பத்திரிகை ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. கடைசியில் வருபவர் யார் என்று கேட்டிருந்தார்கள். அர்மான் அதற்குள் இறந்துபோயிருந்தார். அவருக்கு வரும் கடிதங்களுக்கெல்லாம் நான்தான் பதில் எழுதிவந்தேன். எங்கள் பள்ளியில் வேறெதுவும் உருப்படியாகச் சொல்லிக்கொடுத்தார்களோ இல்லையோ, கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள். தேதி மேலே வலப்பக்கம், விஷயம் முதல் வரியில், தெரியாததைத் தெரியாது என்று எழுது, எழுதியதற்கு நகல் வை.

நான் ஒழுங்காகவே செய்தேன். கேமராக்காரரின் குறிப்பேட்டை எடுத்தேன். காரை எந்தப் பக்கம் ஓட்டினால் முகம் தெரியும் என்று கணக்குப் போட, ஒவ்வொரு பிள்ளையும் எந்தக் கால் முன்னால் வைக்கிறது என்று அவர் குறித்து வைத்திருந்தார். பதினொரு பெயர்கள். கடைசி நாள் பக்கம் இல்லை, அன்றைக்குக் களேபரத்தில் எழுதவில்லை. பதினொரு பேரில் வலது கால் முன்னால் ஒருவர்தான்: கீத் ஆம்ஸ்பி. பிரிண்டை மேசையில் ஓட்டிப் பார்த்தேன். வலது கால். 'கடைசியில் வருபவர் கீத் ஆம்ஸ்பி. ஐயமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இருபத்தொரு வருடத்தில் எத்தனை நூறு படங்கள் என் கையில் போயின. திருப்பி ஒட்டியது என் நினைவில் எங்கேயும் இல்லை. பத்திரிகை அதை அச்சிட்டது. ஆம்ஸ்பியே எனக்கு எழுதினார்: 'அந்தச் சரிவில் நான் முப்பது தடவை இறங்கியிருப்பேன். எது நான் என்று எனக்கே தெரியாது. நீங்கள் சொன்னால் சரி.'

நான் சொன்னால் சரி.

விழா முடிந்ததும் வெளிக்கூடத்துக்குப் போய்த் தேடினேன். நீலக் கோட்டு போய்விட்டிருந்தது. வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கே யானிக்கைத் தொலைபேசியில் அழைத்திருக்கலாம். அழைக்கவில்லை. முதலில் ஆதாரம் வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எழுபத்திரண்டு வயதுக் கிழவியின் ஞாபகத்தை நம்பி ஒரு பெயரை எடுப்பதா என்று நியாயம் பேசினேன். ஆவணக் காப்பகத்துக்கு எழுதினேன், அவர்கள் பதில் போட்டார்கள், மறுபடி எழுதினேன், நாள் குறித்தார்கள். மூன்று வாரமும் இரண்டு நாளும் ஆயின. ஒழுங்காகச் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒழுங்குக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன்.

ஜூன் 6ஆம் தேதி காப்பகத்தில் நெகட்டிவை விளக்கு மேசையில் விரித்துப் பார்த்தேன். ஃபிலிமின் விளிம்பில் அச்சாகியிருக்கும் எண்கள் முந்தைய ஷாட்டில் நேராக இருந்தன. கடைசி ஷாட்டில் கண்ணாடிக்குள் தெரிவது போல் இடம்வலமாய்த் திரும்பியிருந்தன. ஒட்டு என்னுடையது. ஒட்டின் ஓரத்தை நான் எப்போதும் ஒரு மயிரிழை சாய்வாக வெட்டுவேன். காப்பகத்துப் பெண் அந்த இடத்தைப் பெரிதாகப் படமெடுத்துக் கொடுத்தாள்.

அன்று மாலையே யானிக்கை அழைத்துச் சொன்னேன்.

"யானிக், இருக்கியா?"

"இருக்கேன் மதாம் திபோ. அப்ப... அந்தக் கால் இடதா?"

"இடது."

"எனக்கு இயற்கையா இடதுதான் வந்துது. பத்து வயசுல அந்தப் படத்தப் பாத்துட்டு, இதுதான் அழகுன்னு வலதுக்கு மாத்தினேன். ஒரு வருஷம் விழுந்தேன். கை ரெண்டு தடவ முறிஞ்சுது. என் கூட்டாளிங்க நாலு பேரும் அப்படித்தான்." பிறகு பெரிதாகச் சிரித்தான். "கெண்டைக்கால்ல அந்த உருவத்தப் பச்சை வேற குத்தி வெச்சிருக்கேன்! கண்ணாடில பாத்தாத்தான் சரியா இருக்கும்போல!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சரிவின் பெயர்ப்பலகை என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"வார்த்தாச்சு, பொருத்தியும் ஆச்சு. இருபத்தொண்ணாம் தேதி திறப்பு. கமிட்டி இனிமே செப்டம்பர்லதான் கூடும். கீத்கிட்ட யாரு சொல்றது?"

"நான் எழுதறேன். அந்த அம்மா விலாசம் இருக்கா?"

வருகைப் பதிவேட்டில் இருந்தது. வெர்தன் பகுதியில் ஒரு இரண்டாம் மாடி.

மறுநாள் செவ்வாய்க்கிழமை போனேன். அங்கே எல்லா வீட்டுக்கும் இருப்பது போல் வெளியே வளைந்து ஏறும் இரும்புப் படிக்கட்டு. என் முழங்கால் பதினெட்டுப் படியில் மூன்று தடவை நின்றது. மேலே அவர் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நான் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அவசரம் இல்ல, மெதுவா ஏறுங்க. விக்கறவங்களா? எனக்கு ஒண்ணும் வேணாம். சாமி பத்தின புத்தகமா? அதுவும் வேணாம்."

"கோடைச் சரிவு படத்த எடிட் பண்ணின இடத்துல வேலை செஞ்சவ. நோயெல்லா திபோ."

அவர் முகம் இறுகியது. ஆனாலும் உள்ளே விட்டார். சமையலறையில் பட்டாணி சூப் கொதித்துக்கொண்டிருந்தது. சுவரோரம் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். காப்பகத்துப் படத்தை எடுத்து வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் திரும்பிய எண்களைப் பார்த்தார்.

"அதான்," என்றார். "அதான் பாத்ததும் தெரிஞ்சுது. என்னைய நான் கண்ணாடியிலதானே பாத்திருக்கேன். ஐயோ, இது நானாச்சேன்னு தூக்கிவாரிப் போட்டுது."

"படத்த அதுக்கு முன்னாடி பாத்ததே இல்லையா?"

"எங்க பாக்கறது? அடுத்த வருஷமே தொழிற்சாலைக்குப் போயாச்சு. மலைமேல பசங்களுக்கு அது விளையாட்டு. நாங்க ரயில்பாதைக்குக் கீழ. அண்ணனோட ரோலர் ஸ்கேட்டப் பிச்சு, அலமாரிப் பலகைல ஆணி அடிச்சு வெச்சிருந்தேன். அதையும் அன்னிக்கே போலீஸ்காரன் பிடுங்கிட்டான். இறங்கி முடிச்சதும் நேரா அவன் கையிலதான் போய் நின்னேன்." லேசாகச் சிரித்தார். சிரிப்பு நின்றது. "நான் எந்திரிச்சுப் பேசினப்ப நீங்க எங்க உக்காந்திருந்தீங்க?"

"முதல் வரிசை. ஓரத்துல."

"நான் இடது கால்னு சொன்னது காதுல விழுந்துதா?"

"விழுந்துது."

"அப்பவே தெரிஞ்சுதா?"

பொய் சொல்ல ஒரு வழி இருந்தது. காப்பகத்தில்தான் தெரிந்தது என்று சொன்னால் அவர் நம்பியிருப்பார்.

"அப்பவே தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் உக்காந்திருந்தீங்க."

"உக்காந்திருந்தேன்."

"ஏன்?"

"ஐயமில்லைன்னு நான் எழுதிக் குடுத்தது. இருநூறு பேர் முன்னால அத வாபஸ் வாங்க... எந்திரிக்க முடியல."

அவர் எழுந்து போய் அடுப்பை அணைத்தார். முதுகைக் காட்டிக்கொண்டே பேசினார்.

"அன்னிக்கு வீட்டுக்குக் கார்ல போறப்ப மிரேய் ஒண்ணும் சொல்லல. அவ சும்மா இருந்தாத்தான் எனக்குப் பயம். பாலம் தாண்டினதும், 'அம்மா, இந்த மலைக்கதைய சின்ன வயசுலேர்ந்து சொல்லிட்டிருக்கியே, அதுவும் இப்படித்தானா?'ன்னா. அதுக்கு முந்தின மாசம் நான் ஒரு பானைய அடுப்புல மறந்துட்டேன். ஒரு பானை! யாரு மறக்கல? ரெண்டையும் சேத்து முடிச்சுப் போட்டுட்டா. மறுநாளே கார் சாவிய வாங்கிட்டுப் போயிட்டா. 'உன் நல்லதுக்குத்தாம்மா.' ஊரையே இருபத்தேழு வருஷம் ஏத்தி இறக்கினவகிட்டேர்ந்து சாவி! போன வாரம் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா. ஞாபகசக்தியப் பாக்கணும்னு கடிகாரம் வரையச் சொன்னான் ஒரு பொடியன். வரைஞ்சேன். முள்ள எங்க வெக்கறதுன்னு ஒரு நிமிஷம் கை நின்னுது. ஏன் நின்னுது தெரியுமா? மனசு பூரா கால் ஓடிட்டிருந்துது. இடதா, வலதா, இடதா, வலதான்னு. குளியலறைல யாரும் இல்லாதப்ப நின்னு பாத்துருக்கேன், எந்தக் கால் முன்னால வருதுன்னு. அறுபத்தஞ்சு வயசுல!"

பெட்டிகளைக் காட்டினார். "ஜூலை ஒண்ணு ஊரே வீடு மாத்தற நாள். நானும் மாத்தறேன். முதியோர் குடியிருப்பு. நல்ல இடமாம், ஜன்னலத் திறக்க முடியாதாம். திங்கக்கிழம மிரேய் கையெழுத்துப் போடறா."

மூன்று வாரமும் இரண்டு நாளும். அதற்குள் சாவி, அதற்குள் டாக்டர், அதற்குள் பெட்டிகள்.

"சரிவோட பேர்ப்பலகைல உங்க பேர் வரதுக்கு கமிட்டிக்கு எழுதறேன் மதாம் பெப்பேன். செப்டம்பர்ல கண்டிப்பா..."

"பலகைல என் பேர் வந்து நான் என்ன பண்ண? பசங்க அது மேல எச்சி துப்புவாங்க." திரும்பினார். "எனக்கு எந்தக் கால்னு எனக்குத் தெரியும். என்கிட்ட வந்து சொன்னதுக்கு நன்றி, ஆனா தேவையில்ல. தெரிய வேண்டியது மிரேய்க்கு."

"இப்பவே போன் பண்ணவா?"

"போன்ல சொன்னா, அம்மா யாரோ கூட்டாளியப் பிடிச்சுப் பேச வெக்கறான்னு நினைப்பா. அவ கணக்குத் தணிக்கை பண்றவ. காகிதத்துல வேணும். தேதி, கையெழுத்து, அந்தப் படம். எல்லாம்." பிறகு சூப்பை ஒரு கிண்ணத்தில் ஊற்றி என் முன்னால் வைத்தார். "சாப்பிட்டுட்டுப் போங்க. படிக்கட்டுல மயங்கி விழுந்தா அதுக்கும் நான்தான் காரணம்னு சொல்லுவா."

மன்னித்துவிட்டதாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சூப்பை முழுதும் சாப்பிட்டேன்.

புதன்கிழமை காலையில் உட்கார்ந்தேன். கீத் ஆம்ஸ்பிக்கு எழுதியது பத்து நிமிடத்தில் முடிந்தது. மிரேய்க்கு எழுதியது மூன்று தடவை ஆயிற்று.

முதல் பிரதி நன்றாக இருந்தது. நெகட்டிவ், விளிம்பு எண், 1966, 1987, எல்லாம் வரிசையாக. 'காப்பகத்தில் ஆராய்ந்தபோது உங்கள் தாயார் கூறியது சரியென்று கண்டேன்' என்று முடித்திருந்தேன். படித்துப் பார்த்தேன். ஒரு சொல் பொய்யில்லை, ஆனால் மொத்தமும் பொய். ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்த நல்ல கிழவியாக அதில் நான் நின்றுகொண்டிருந்தேன். இரண்டாவதில் அரங்கத்தைச் சேர்த்தேன், ஆனால் 'அதிர்ச்சியில் பேச இயலவில்லை' என்று எழுதியிருந்தேன். அதிர்ச்சி ஒன்றும் இல்லை. நன்றாகப் பேச முடிந்தது. விழா முடிந்து காப்பி வாங்கும்போது பால் கொஞ்சம் கூட ஊற்றச் சொல்லிக் கேட்டேன்.

மூன்றாவதை இப்படித் தொடங்கினேன்:

'மதாம் மிரேய் அவர்களுக்கு, உங்கள் தாயார் தம் இடது காலை முன்னால் வைத்தே ஓட்டினார். திரையில் அது வலது காலாகத் தெரிவதற்குக் காரணம் நான். அதைத் திருப்பி ஒட்டியது நான். தவறான பெயரை ஐயமில்லை என்று எழுதிக்கொடுத்ததும் நான். மே 14ஆம் தேதி அவர் அரங்கில் எழுந்து உண்மையைச் சொன்னபோது, அது உண்மை என்று அறிந்த ஒரே ஆள் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் வாய் திறந்திருந்தால் நீங்கள் அன்று அவர் கோட்டைப் பிடித்து இழுத்திருக்க மாட்டீர்கள். அவருடைய ஞாபகத்தில் பிழை இல்லை. பிழை என்னுடையது. அதை நான் மூன்று வாரம் மூடிவைத்தேன். உங்கள் குடும்பத்து முடிவுகளில் தலையிட எனக்கு உரிமை கிடையாது. ஆனால் அவற்றில் எதையேனும் அந்த நாளை வைத்து எடுத்திருந்தால், அந்த நாளைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள்.'

கையெழுத்துப் போட்டேன். நகல் எடுத்தேன். ஆவணக் காப்பகத்துப் படத்தை உள்ளே வைத்தேன். எண்கள் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று அதன் பின்னால் பென்சிலால் ஓர் அம்புக்குறி. உறையின் ஓரத்தை நனைத்து, கட்டைவிரலால் இரண்டு தடவை அழுத்தி ஒட்டினேன்.

மருந்துக்கடையின் பின்பக்கத் தபால் கவுண்டரில் எனக்கு முன்னால் ஒருவர்தான் இருந்தார். திங்கட்கிழமைக்குள் லவாலில் மிரேய் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்றேன். வெள்ளிக்கிழமையே போய்விடும், ஆனால் அவர்களே கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும், பரவாயில்லையா என்று அந்தப் பெண் கேட்டாள். பரவாயில்லை என்றேன். அவள் உறையை எடை போட்டு, தபால்தலை ஒட்டி, பின்னால் இருந்த சாம்பல்நிறப் பையில் போட்டாள்.